கூரையைப் பிரித்தவர்கள்



2017ஆம் ஆண்டில் பாஸ்குத் திருநாள் ஏப்ரல் மாதம் 16ஆந் தேதி வந்தது. கோயில்களிலெல்லாம் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில், இங்கிலாந்து தேசத்து டானிங்டன் பார்க் பந்தய மைதானத்தில், பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் நசுங்கிப்போன மோட்டார் வண்டிக்குள் கால்கள் சிக்கி அகப்பட்டுக் கிடந்தான். அவன் பெயர் பில்லி மங்கர். சர்ரி மாகாணத்தில் சார்ல்வுட் என்கிற கிராமத்துப் பிள்ளை. சிறு வயதிலிருந்தே ‘கார்ட்’ எனப்படும் குட்டி வண்டிகளில் பழகி, ஃபார்முலா 4 என்ற வகுப்புக்கு ஏறியிருந்தவன். அந்த வகுப்பில் ஓட்டுகிற பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லை. ஓட்டுவதற்கு இவர்கள்தான் பணம் கட்ட வேண்டும். பெற்றோர் கைப்பணத்தைப் போட்டு, தெரிந்தவர் தெரியாதவரிடமெல்லாம் உதவி கேட்டு, பிள்ளையின் ஆசையை நடத்திக்கொண்டு போவார்கள். ஆகையால் இந்தப் பையனைப் பெரிய பந்தய வீரன், கோடீசுவரன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

விபத்து நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். முன்னே போன வண்டி ஒன்று பாதையின் நடுவே ஏறக்குறைய நின்றுவிட்டது. இடையில் ஓடிய வண்டிகள் கடைசி நொடியில் இடதும் வலதுமாக விலகித் தப்பின. அவற்றுக்குப் பின்னால் வந்த பில்லிக்கு, விலகுகிற வண்டிகள் மறைத்தபடியால், நின்ற வண்டி கண்ணில் படவேயில்லை. பட்டபோது நேரம் கடந்துவிட்டது. இவ்வகைப் பந்தய வண்டியில் ஓட்டுகிறவன் நாம் உட்காருவதுபோல் உட்காருவதில்லை. முக்கால்வாசி படுத்திருக்கிறான் என்றே சொல்லலாம். கால்கள் வண்டியின் மூக்கை நோக்கி நீண்டிருக்கும். மூக்கு நசுங்கினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. அவனை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. ஹெலிகாப்டரில் நாட்டிங்ஹாம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் மருந்தினால் நினைவின்றி வைத்திருந்தார்கள். இரண்டு கால்களையும் காப்பாற்ற முடியவில்லை.

இனி இன்னொரு தேதியைக் கேளுங்கள். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31ஆந் தேதி. அது பெரிய சனிக்கிழமை, மறுநாள் பாஸ்கு. அன்றைக்கு ஓல்டன் பார்க் என்னும் மைதானத்தில் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 பந்தயம் நடந்தது. முந்தினதைக் காட்டிலும் மேலான வகுப்பு, வேகமும் அதிகம். அதில் மூன்றாவதாக வந்து பரிசு மேடையில் ஏறியவர் பில்லி மங்கர். எண்ணிப் பார்த்தால் 349 நாட்கள். திருச்சபைப் பஞ்சாங்கத்தின்படி பார்த்தால் ஒரு பாஸ்குத் திருநாளிலிருந்து அடுத்த பாஸ்குவுக்கு முந்தின நாள். (இதற்குள் பதினெட்டு வயதும் நிறைந்துவிட்டது. விபத்து நடந்த பத்தொன்பதாம் நாளில் அவருக்குப் பிறந்த நாள். இனி நாமும் ‘அவர்’ என்று மரியாதையாகவே சொல்லுவோம்.)

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால், பிரசங்கம் செய்கிறவன் நாக்கில் ஜலம் ஊறும். பாஸ்கு நாளில் விழுந்தார், பாஸ்குவையொட்டி எழுந்தார், இதோ கண்கண்ட உயிர்ப்பு என்று முழக்கிவிடலாம். கேட்கிறவர்களும் கண்களைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அதே பூசைக்கு, லாரியில் அடிபட்டுக் காலை இழந்தவர் ஒருவரும் ஊன்றுகோலோடு வந்து தூணோரத்தில் உட்கார்ந்திருப்பார் அல்லவா? அவர் என்ன நினைத்துக்கொள்ளுவார்? ‘எனக்கு 349 நாள் அல்ல, ஒன்பது வருஷம் ஆயிற்று. என் கால் வரவில்லையே, சாமி’ என்று நினைப்பார். அவருக்குப் பதில் சொல்லாத பிரசங்கத்தினால் என்ன பிரயோசனம்?

ஆகையால் உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். பில்லி மங்கருக்கும் கால்கள் வரவில்லை. மேடையில் ஏறியவை செய்கால்கள். ‘திரும்பி வந்தார்’ என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எங்கே திரும்பி வந்தார்? முன்பிருந்த இடத்துக்கா? இல்லை. முன்பு காலால் செய்ததையெல்லாம் கையால் செய்யப் படித்துக்கொண்டு, வேறொரு விதமாக ஓட்டுகிறவராக வந்தார். கார்லின் என்னும் அணியார் அவருக்காக வண்டியை மாற்றியமைத்தார்கள். வண்டியை முடுக்குகிற விசை ஸ்டீயரிங் சக்கரத்துக்கு ஏறிவிட்டது. விரல்களால் இயக்க வேண்டும். பிரேக்கை மாத்திரம் வலது காலில் மீந்திருந்த பாகத்தால் அழுத்தும்படி இடம் மாற்றினார்கள். பந்தய வண்டியின் பிரேக் நம்முடைய வாடகை மோட்டாரின் பிரேக்கைப் போல் இலகுவானதல்ல. முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். பாதம் இல்லாதவன் அதை மிதிப்பதென்றால், சாதாரணமாய்ப் பாதம் கொடுக்கிற உணர்ச்சியை, ‘இவ்வளவு அழுத்தினால் சக்கரம் பிடித்துக்கொள்ளும், இவ்வளவு போதும்’ என்கிற அந்த நுட்பமான அறிவை, துடைக்கும் இடுப்புக்கும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். குழந்தை நடை பழகுகிற வேலைதான். பதினெட்டு வயதில் மறுபடியும் குழந்தையாவது சுலபமான காரியமா?

விபத்து நடந்து பதினோரு வாரம் கழிந்து, 2017 ஜூலை மாதத்திலேயே பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் ஒரு வண்டியில் ஏறிச் சுற்றிவந்தார். அங்க ஊனமுற்றவர்கள் ஓட்டுவதற்கென்றே ஏற்பட்ட ‘டீம் பிரிட்’ என்னும் அணி கைவிசை பொருத்திய வண்டியைக் கொடுத்தது. மோட்டார் பந்தயத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களும் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறேன். ஏனென்றால் இந்தச் சரித்திரம் முழுவதிலும் பில்லியின் தைரியத்துக்குச் சமமாக இன்னொரு காரியம் ஓடிக்கொண்டே வருகிறது. அது மற்றவர்களுடைய கைகள்.

கப்பர்நாகும் ஊரில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சேசுநாதர் ஒரு வீட்டில் போதித்துக்கொண்டிருக்கிறார். வாசல்வரைக்கும் ஜனக்கூட்டம். நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே நுழைய வழியில்லை. வேறு ஆட்களாயிருந்தால் கட்டிலைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, ‘கூட்டம் கலையட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்றிருப்பார்கள். இவர்கள் மெத்தையில் ஏறினார்கள், கூரையைப் பிரித்தார்கள், கட்டிலைக் கயிற்றில் இறக்கினார்கள். அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தில் இதை ஊன்றி வாசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படும். ஆண்டவர் பார்த்ததாகச் சொல்லப்படுவது, கட்டிலில் கிடந்தவனுடைய விசுவாசத்தை மட்டுமல்ல, அவர்கள் எல்லாருடைய விசுவாசத்தையும். தூக்கிவந்தவர்களின் பெயர் ஒன்றுகூட எழுதப்படவில்லை. வீட்டுக்காரன் அந்தக் கூரைக்காக என்ன சத்தம் போட்டான் என்பதும் எழுதப்படவில்லை. நிச்சயமாகச் சத்தம் போட்டிருப்பான்.

பில்லியின் கட்டிலைத் தூக்கியவர்கள் நாலு பேரல்ல. விபத்து நடந்த சில நாட்களுக்குள் அவருடைய அணியார் பொதுஜனங்களிடம் உதவி கேட்டார்கள். கேட்ட தொகை 2,60,000 பவுன். ஒரு நாளைக்குள் அது நிறைந்து வழிந்தது. கடைசியில் எட்டு லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஜென்சன் பட்டன், மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் போன்ற பேர்போன பந்தய வீரர்களும் கொடுத்தார்கள். அவரை ஒருநாளும் கண்டறியாத சாதாரண ஜனங்களும் அஞ்சும் பத்துமாகக் கொடுத்தார்கள். ‘மனம் இருந்தால் மார்க்கம் உண்டு’ என்று ஊனமுற்றவரிடம் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பில்லியிடம் மனம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் மனத்தினால் மாத்திரம் செய்கால் வராது. நல்ல செய்கால் விலை மிகுந்தது. வளருகிற வயதில் அடிக்கடி மாற்ற வேண்டும். பழக்குவதற்குத் தேர்ந்தவர்கள் வேண்டும். மார்க்கத்தை உண்டாக்க மற்றவர்கள் வேண்டியிருந்தது. மனத்தை மட்டும் அவனிடம் கேட்டுவிட்டு, மார்க்கத்தில் நம் பங்கை மறந்துவிடுவது ஒருவிதமான கருமித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

பணம் சேர்ந்த பிறகும் ஒரு கூரை மீதியிருந்தது. அது சட்டம். மோட்டார் பந்தயங்களுக்கெல்லாம் மேலான அதிகாரமுடைய சர்வதேச சம்மேளனத்தின் விதிப்படி, கால் இழந்தவர்கள் ஒற்றை ஆசன வண்டியில் ஓட்டலாகாது. இந்த விதியைப் போட்டவர்கள் கொடியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டி தீப்பிடித்தால், ஓட்டுகிறவன் பிறர் உதவியின்றிச் சில நொடிகளில் வெளியே குதித்துவிட வேண்டும்; அதற்காகவே அந்த எச்சரிக்கை. நியாயமான பயம்தான். ஆனால் நியாயமான பயத்தினால் கட்டப்பட்ட கூரையும் ஒருவனுக்கு மேலே கல்லறை மூடியாகிவிடலாம். பில்லியும் அவரைச் சேர்ந்தவர்களும் மனுக் கொடுத்தார்கள். ‘இவனால் முடியாது என்று முன்கூட்டியே எழுதி வைக்காதேயுங்கள், முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்’ என்பதுதான் அவர்களுடைய வாதத்தின் சாரம். 2017 முடிவதற்குள் சம்மேளனம் அந்தத் தடையை நீக்கியது. அடுத்த மார்ச்சில் ஓல்டன் பார்க்கில் நடந்ததை மேலே சொல்லியாயிற்று.

இப்படியெல்லாம் கூரை பிரித்து, மறுபடியும் அதே அபாயத்துக்குள்தானா இறக்க வேண்டும் என்று உங்களில் தாய்மார் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சர்வேசுரன் கொடுத்த உயிரை வீணாக ஆபத்துக்கு உட்படுத்துவது ஐந்தாம் கற்பனைக்கு விரோதம். மோட்டார் பந்தயத்தைப் பற்றித் திருச்சபையைச் சேர்ந்த பத்திரிகைகள் ஒரு காலத்தில் மிகவும் கடுமையாகப் பேசியதுண்டு. காரணம் இல்லாமலில்லை. 1955இல் பிரான்சு தேசத்து லெ மான் மைதானத்தில் ஒரு வண்டி ஜனங்களுக்குள் பாய்ந்து எண்பது பேருக்கு மேல் மாண்டார்கள். 1957இல் இத்தாலியில் ‘மில்லே மில்யா’ பந்தயத்தின்போது கிராமத்துச் சாலையோரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒன்பது பேர் செத்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அத்தோடு பொதுச் சாலையில் நடந்த அந்தப் பந்தயம் நின்றுபோயிற்று. 1958இல் லூயிஜி முஸ்ஸோ என்ற இத்தாலிய வீரர் மாண்டபோது, வத்திக்கானிலிருந்து வெளிவரும் ஒஸ்ஸெர்வத்தோரே ரோமானோ பத்திரிகை, வண்டி செய்த ஃபெராரி என்பவரை, தன் பிள்ளைகளையே விழுங்கின பழைய ரோமருடைய தேவதையான சத்துருனுக்கு ஒப்பிட்டது.

நானும் இந்த இரைச்சலை விரும்புகிறவனல்ல. ஆயினும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். வேதசாஸ்திரிகள் ஆபத்தைப் பற்றிக் கேட்பது இரண்டு கேள்விகள்: தகுந்த முகாந்தரம் உண்டா? தகுந்த ஜாக்கிரதை செய்யப்பட்டதா? கடலுக்குப் போகிறவனுக்கும் ஆபத்து உண்டு, பனை ஏறுகிறவனுக்கும் உண்டு. அவர்களுக்குப் பிழைப்பு என்கிற முகாந்தரம் இருக்கிறது, இவருக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். சிறு பிள்ளையிலிருந்து தன் கையும் கண்ணும் எதற்காகப் பழகினவோ, அந்தத் தொழிலை விட்டு ஒருவனை ஒரே நாளில் பிடுங்கிப்போட்டால் அவன் உயிரோடிருந்தும் பாதி இறந்தவனாகிறான் என்பதையும் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். ஜாக்கிரதையைப் பற்றியோ, 1950களில் ஓட்டினவர்களுக்கு இல்லாத பாதுகாப்புகள் இப்போது ஏராளம்: கரிநார் கொண்டு செய்த கூடு, தலையையும் கழுத்தையும் பிடித்துக் காக்கிற கருவி, மைதானத்தில் காத்திருக்கிற வைத்தியர்கள். அவ்வளவும் இருந்துங்கூட 2017இல் ஒரு பிள்ளையின் கால்கள் போயின என்பதை மறக்கக் கூடாது. ஆகையால், திரும்பிப் போகாதவனைக் கோழை என்பது பெரும் பாவம். திரும்பிப் போகிறவனைத் துஷ்டன் என்பதும் அவசரம். சோதித்து, அறிந்து, தக்க ஏற்பாட்டோடு போகிறவன் ஆண்டவரைச் சோதிக்கிறான் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளையின் தாய் பந்தய வேலியோரம் மறுபடியும் நின்றபோது அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்ளுகிறேன்.

அதே 2018இல் டானிங்டன் பார்க் மைதானத்திலும் அவர் பந்தயம் ஓட்டினார். கால்களை விட்டுவந்த அதே இடம். 2019 மே மாதம் பிரான்சு தேசத்துத் தென்மேற்கில் ‘போ’ என்னும் பட்டணத்தின் தெருக்களில் நடக்கும் பழம்பெரும் பந்தயத்தில், பதினோராவது இடத்திலிருந்து புறப்பட்டார். மழை வருமா வராதா என்றிருந்தது. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, இவர் முந்திக்கொண்டு மழைக்குரிய டயர்களை மாட்டிக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது; முன்னணியில் போனவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள்; பில்லி முதலாவதாக வந்து ஜெயித்தார். இதில் தைரியத்தைவிட நிதானமே அதிகம் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவர் மேலே மேலே ஏறி உலகப் பெரும் பந்தயங்களில் ஓட்டினாரா என்றால், இல்லை. கதைகளில்தான் அப்படி முடியும். பந்தயங்களைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசுகிறவரானார். 2021இல் நடந்தும், படகு துடுப்பிட்டும், சைக்கிள் மிதித்தும் 140 மைல் கடந்து, தர்ம காரியங்களுக்காக முப்பது லட்சம் பவுனுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். தனக்காக ஜனங்கள் எட்டு லட்சம் போட்டார்களே, அந்தக் கணக்கு எப்படித் திரும்பிற்று, பார்த்தீர்களா? 2024 அக்டோபரில் ஹவாய்த் தீவில் ‘அயர்ன்மேன்’ என்ற போட்டியில், கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, அதன் மேல் 42 கிலோமீட்டரும் செய்கால்களோடு ஓடி முடித்தார். பிடித்த நேரம் 14 மணி 23 நிமிஷம் 56 விநாடி. இரண்டு காலும் இழந்த வேறொருவரும் அதற்குமுன் அந்த இடத்தில் அவ்வளவு சீக்கிரமாக முடித்ததில்லை.

அவர் ஜெபம் செய்கிறவரா, எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதையெல்லாம் நான் இங்கே எடுக்கவில்லை. அவரைப் பிடித்து நம் பீடத்தில் ஏற்றிவைப்பது என் நோக்கமல்ல. அவருடைய சரித்திரம் நம்முடைய விசுவாசத்தில் ஒரு கதவைத் தட்டுகிறது. அதைத் திறந்து பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உயிர்த்த ஆண்டவர் அப்போஸ்தலர்களுக்குத் தம்மைக் காண்பித்தபோது எதைக் காண்பித்தார்? கைகளையும் விலாவையும். ஆணி அடித்த தழும்பு, ஈட்டி குத்தின தழும்பு. மரணத்தை ஜெயித்தவருக்கு அந்த ஐந்து காயங்களைத் துடைத்துவிட முடியாதா? சிலுவையின் ஞாபகமே இல்லாத, மாசுமறுவற்ற புதிய சரீரத்தோடு அவர் வந்திருக்கலாம். வரவில்லை. காயங்களோடே வந்தார். எட்டு நாள் கழித்து அர்ச். தோமையாருக்கு விரலை வைக்க இடம் கொடுத்ததும் அந்தக் காயங்களே. காயம் இல்லாத சேசுநாதரைத் தோமையார் அடையாளம் கண்டிருக்க மாட்டார். நாம் மட்டும், உயிர்ப்பு என்றால் பழையபடி ஆவது என்று நினைத்துக்கொண்டு, பழையபடி ஆகாதவனைப் பார்த்து, ‘இவனுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லத் துணிகிறோம். தூணோரத்தில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஐயா, உமது கால் வரவில்லை என்பதனால் உமக்குப் பாஸ்கு வரவில்லை என்று ஆகாது. கப்பர்நாகும் ஊரில் எழுந்து நடந்தவனைப் பார்த்துங்கூட, கட்டிலையும் எடுத்துக்கொண்டு போ என்றுதான் ஆண்டவர் கட்டளையிட்டார். குணமானவனுக்கு அந்தப் பழைய கட்டில் எதற்கு என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். கிடந்த காலத்தை அவன் எறிந்துவிடாமல் தோளில் சுமந்துகொண்டு தெரு வழியே போக வேண்டுமென்று அவர் விரும்பினார்போலும்.

இன்னும் ஒன்று. அடிபட்டவரிடம், ‘எல்லாம் தேவ சித்தம்’ என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். தேவ சித்தம் என்பது மெய்யான வார்த்தை. ஆனால் அதை அடிபட்டவன் தன் வாயால், தன் காலத்தில் சொல்ல வேண்டும். நாம் அவன் வாயில் திணிக்கக் கூடாது. நாம் செய்ய வேண்டியது வேறே. மூன்றாம் மாதத்தில் போய்ப் பார்ப்பது. முதல் வாரத்தில் எல்லாரும் போவார்கள்; மூன்றாம் மாதத்தில் யார் போவார்? அவனுக்குத் தெரிந்த தொழில் எது, அதை வேறு விதமாகச் செய்ய வழியுண்டா என்று அவனோடு உட்கார்ந்து யோசிப்பது. எந்த விதி, எந்த வழக்கம், எந்தப் படிக்கட்டு அவனைத் தடுக்கிறது என்று பார்ப்பது. கோயிலுக்கு ஏறிவர ஏழெட்டுப் படி இருந்தால், அதன் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போட எத்தனை மூட்டை சிமெண்டு பிடிக்கும் என்று கணக்குப் பார்ப்பதும் நல்ல ஜெபந்தான்.

ஒருமுறை கூரை வழியாக இறக்கப்பட்டவன் பிற்பாடு என்ன செய்வான் என்பதற்கு இன்னொருவருடைய சரித்திரத்தையும் சொல்லி நிறுத்துகிறேன். ஃபிரெடெரிக் சோஸே என்பவர் பிரான்சு தேசத்தில் ப்ளுவா பட்டணத்தைச் சேர்ந்த வியாபாரி. பந்தயம் அவருக்குத் தொழிலல்ல, ஆசை. 2012ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் விரலில் ஒரு சிறு கீறல் பட்டது. அதன் வழியாகக் கொடிய கிருமி இரத்தத்தில் ஏறி, அவரை நினைவிழக்கச் செய்தது. உயிரைக் காப்பாற்ற வைத்தியர்கள் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதர் நான்கு வருஷத்துக்குள், 2016 ஜூன் மாதத்தில், லெ மான் 24 மணிப் பந்தயத்தில் ஓட்டினார். கை மீந்த பாகத்தில் மாட்டின கருவியை ஸ்டீயரிங்கில் பொருத்திக்கொண்டு, துடைகளால் வேகத்தையும் பிரேக்கையும் இயக்கினார். புதுமையான வண்டி ஒன்றுக்கென்று அந்தப் பந்தயத்தில் ‘கராஜ் 56’ என்கிற தனி இடம் ஒதுக்கி வைக்கிற வழக்கமுண்டு. அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள். இரண்டு தோழர்களோடு முறைவைத்து ஓட்டி, அறுபது வண்டிகளுக்குள் 38ஆவதாக முடித்தார்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அங்க ஊனமுற்றவர்களுக்குப் பந்தய வண்டி ஓட்டப் பழக்குகிற ஒரு பள்ளியை ஏற்படுத்தினார். 2021 ஆகஸ்டில் அதே லெ மான் மைதானத்துக்கு, அதே ‘கராஜ் 56’ இடத்துக்கு, தாம் நடத்திய அணியைக் கொண்டுவந்தார். இந்த முறை ஓட்டியவர் அவரல்லர். ஜப்பான் தேசத்துத் தக்குமா ஆவோகி என்பவர் 1998இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தவர். பெல்ஜியம் தேசத்து நைஜல் பெய்லி என்பவரும் அவ்விதமே மோட்டார் சைக்கிளால் கால் முடங்கினவர். அவர்களோடு கால் நலமுள்ள மாத்தியூ லாஹே என்ற பிரெஞ்சுக்காரர் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டார். ஓட்டுகிறவர் மாறும்போதெல்லாம் நடக்க முடியாதவர் ஒருவரை வண்டியிலிருந்து தூக்கி எடுத்து, இன்னொருவரை உள்ளே இறக்கி வைக்க வேண்டும். பகலெல்லாம், ராத்திரியெல்லாம், மறுநாள் வெயில் ஏறும்வரைக்கும் அணியிலிருந்த ஆட்கள் அப்படியே தூக்கி எடுத்தார்கள், இறக்கி வைத்தார்கள். வண்டி 24 மணி நேரமும் ஓடி முடித்தது.